கம்போடியாவின் இரும்பு மீன்: ஹீமோகுளோபின் ஏன் ஏறவில்லை?

இரும்புச்சத்து பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் எடுத்துச் சொல்வது கம்போடியாவில் நடந்த இந்த நிகழ்வைத்தான்: ரத்தசோகையைப் போக்க, சமைக்கும் தண்ணீரில் மீன் வடிவ இரும்புக் கட்டியைப் போட்டுக் கொதிக்கவிடுவது. யோசனை நல்லது, அதைச் செயல்படுத்திய விதம் அதைவிட நல்லது, உலகமே பாராட்டியது. ஆனால் 2017இல் வெளியான முறையான ஆய்வு, இதைக் கம்போடியாவில் பரிந்துரைக்க மாட்டோம் என்று முடிந்தது. நடுவில் என்ன ஆனது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் "ஹெச்பி கம்மியா இருக்கு" (ஹெச்பி என்பது ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின்) என்று ஒரு வார்த்தை காதில் விழுந்ததுமே பேரீச்சம்பழம், பீட்ரூட், இரும்பு மாத்திரை என்று வாங்கி வைத்துவிடுகிறோம், ஏன் கம்மி என்று கேட்பவர் குறைவு.

2008, காண்டால் மாகாணம்

கிறிஸ்டோபர் சார்ல்ஸ், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக மாணவர். 2008 கோடையில் கம்போடியா போனார். தலைநகர் புனோம் பென்னைச் சுற்றியிருக்கும் காண்டால் மாகாணத்துக் கிராமங்களில் பெண்களும் குழந்தைகளும் சோர்ந்து கிடந்தார்கள், ரத்தசோகை சர்வசாதாரணம். தினச் சாப்பாடு சோறும் கொஞ்சம் மீனும். இறைச்சி எப்போதாவதுதான். மாத்திரை கொடுக்கலாம்தான், ஆனால் அதைத் தொடர்ந்து வாங்கக் காசு வேண்டும், கிராமத்துக்கு வந்து சேர வேண்டும், அப்புறம் வயிற்றைப் புரட்டுவதையும் மலச்சிக்கலையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரும்புச் சட்டியில் சமைக்கலாமே என்றால், அது விலையும் அதிகம், கனமும் அதிகம், எல்லோர் வீட்டிலும் இருந்தது அலுமினியம்.

சட்டியை மாற்ற முடியாது என்றால் சட்டிக்குள் இரும்பைப் போடலாமே என்று யோசித்தார். ஒரு சின்ன இரும்புக் கட்டி, சமைக்கும் தண்ணீரில் அதைக் கொதிக்கவிட வேண்டும், அவ்வளவுதான். கட்டியைக் கொடுத்தார்கள், பெண்கள் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் பானைக்குள் போடவில்லை. குடும்பமே சாப்பிடுகிற சாப்பாட்டில் எங்கிருந்தோ வந்த ஒரு இரும்புத் துண்டைப் போடச் சொன்னால் யார்தான் போடுவார்கள்? நம் வீட்டிலும் யாரும் போட மாட்டார்கள். அதைக் கல்வியறிவு இல்லாததன் விளைவு என்று தள்ளிவிடாமல், நாம் கொடுத்த பொருளில்தான் கோளாறு என்று அந்தக் குழு எடுத்துக்கொண்டது பாருங்கள், இந்த முழு நிகழ்விலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அடுத்து தாமரை வடிவத்தில் வார்த்துப் பார்த்தார்கள். அதுவும் எடுபடவில்லை. அப்புறம் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசியபோதுதான், 'ட்ரை கன்ட்ரோப்' என்று அங்கே அழைக்கப்படும் ஒரு ஆற்று மீன் அதிர்ஷ்டம் தரும் என்று மக்கள் நம்புவது தெரிந்தது. அந்த மீன் வடிவத்தில் இரும்பை வார்த்தார்கள், சுமார் 7.5 சென்டிமீட்டர் நீளம், 200 கிராம் எடை. இதைப் பெண்கள் சந்தோஷமாகப் பானைக்குள் போட்டார்கள். உலோகம் அதேதான், மாறியது உருவம் மட்டும்.

செய்முறை எளிது. 1 லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மீனைப் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்துவிட வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், சூப்பும் வைக்கலாம். எலுமிச்சை இல்லாமல் செய்தால் பெரிய பயன் கிடையாது, ஏனென்றால் இரும்பைக் கரைத்துத் தண்ணீரில் கொண்டுவருவதே அந்தப் புளிப்புதான், கரைந்த இரும்பு திரும்பவும் படிந்துவிடாமல் பிடித்துவைப்பதும் சிட்ரிக் அமிலம்தான்.

ஒருமுறை கொதிக்கவைத்தால் சுமார் 7 மில்லிகிராம் வரை இரும்பு இறங்கும் என்று தயாரித்தவர்கள் சொன்னார்கள். இதில் உடம்புக்குள் போவது எவ்வளவு என்பதுதான் கணக்கு. தாவர உணவிலும் தண்ணீரிலும் வருகிற வகை இரும்பில் குடல் உறிஞ்சுவது கூடச் சாப்பிடுவதைப் பொறுத்து 2 முதல் 20 சதவீதம். நடுவாக 10 சதவீதம் என்று வைத்தால் 0.7 மில்லிகிராம். மாதவிடாய் உள்ள ஒரு பெண் சராசரியாக ஒரு நாளைக்கு இழப்பது, மாதக் கணக்கை நாள் கணக்காகப் பிரித்தால், ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம். ஆக, மீன் ஒன்றே எல்லாவற்றையும் ஈடுகட்டாது, ஆனால் சாப்பாட்டோடு சேரும்போது அது சின்ன உதவியும் அல்ல. காகிதத்தில் கணக்கு ஒழுங்காகவே வருகிறது.

முதல் சோதனையில் சில மாதங்களில் நல்ல மாற்றம் தெரிந்தது, அப்புறம் அது நிலைக்கவில்லை. பிறகு நடத்திய 12 மாதச் சோதனையில் மீன் பயன்படுத்திய பெண்களிடம் ரத்தசோகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2015இல் எழுதினார்கள். இதற்கிடையில் அதே குவெல்ஃபைச் சேர்ந்த கேவின் ஆர்ம்ஸ்ட்ராங் இதை 'லக்கி அயர்ன் ஃபிஷ்' என்ற நிறுவனமாக்கியிருந்தார். 2015இல் விளம்பரத் துறையின் கான் லயன்ஸ் விழாவில் தயாரிப்பு வடிவமைப்புக்கான உச்ச விருதும் கிடைத்தது. பல நாட்டுச் செய்திகளிலும் அந்தக் குட்டி மீனின் படம் வந்தது.

ப்ரெயா விஹியரில் என்ன நடந்தது

அடுத்த ஆய்வு வடக்கே, தாய்லாந்தையும் லாவோஸையும் ஒட்டிய ப்ரெயா விஹியர் மாகாணத்தில். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியால் ஹீமோகுளோபின் அளந்து, லேசான அல்லது நடுத்தர ரத்தசோகை உள்ள 340 பெண்களைச் சேர்த்தார்கள். மூன்று குழு: ஒன்றுக்கு மீன், இன்னொன்றுக்குத் தினம் 18 மில்லிகிராம் இரும்பு மாத்திரை, மூன்றாவது எதுவும் தராத ஒப்பீட்டுக் குழு. ஆறு மாதத்திலும் பன்னிரண்டு மாதத்திலும் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

மீன் பயன்படுத்தியவர்களுக்கும் எதுவும் கிடைக்காதவர்களுக்கும் ஹீமோகுளோபினில் வித்தியாசம் இல்லை. மீன் தோற்றுவிட்டது என்று முடித்துக்கொள்ளலாம், ஆனால் வருடக் கடைசியில் மாத்திரை விழுங்கியவர்களிடமும் வித்தியாசம் இல்லையே! மீனில் போதுமான இரும்பு இறங்கவில்லை என்று சொல்லலாம், மாத்திரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

பதில் அவர்கள் எடுத்த மற்ற பரிசோதனைகளில் இருந்தது. உடம்பு எவ்வளவு இரும்பைச் சேமித்து வைத்திருக்கிறது என்பதைக் காட்டுவது ஃபெரிட்டின். அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கையிருப்பு காலி என்று பொருள். ரத்தசோகை என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த அந்தப் பெண்களில், அப்படிக் காலியாக இருந்தவர்கள் 9 சதவீதம்தான்! மீதிப் பேரிடம் இரும்பு இருந்தது. பெரும்பான்மையானவர்களுக்கு இருந்தது ஹீமோகுளோபினின் அமைப்பிலேயே பிறவியில் வந்த மாற்றம், அதாவது ஹீமோகுளோபின் ஈ, ஹீமோகுளோபின் உற்பத்தி குறையும் தலசீமியா போன்ற மரபணுக் கூறுகள்.

கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து மூன்றும் சேரும் பகுதி ஹீமோகுளோபின் ஈ உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடம். பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் வருவது அது. புரதச் சங்கிலியின் 26ஆவது இடத்தில் வேறொரு அமினோ அமிலம் வந்து உட்காருகிறது, கூடவே அந்தச் சங்கிலி உற்பத்தியாவதும் குறைகிறது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் பெரும்பாலும் தொந்தரவே தெரியாது, சிவப்பணு கொஞ்சம் சின்னதாகவும் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும், அந்த உடம்புக்கு அதுதான் வழக்கமான அளவு. செங்கல் அச்சே சின்னதாக இருக்கும்போது எத்தனை வண்டி மண்ணைக் கொண்டுவந்து கொட்டினாலும் செங்கல் பெரிதாகாது, அதே நிலைமைதான் இங்கேயும்.

இன்னொரு தகவலும் இதோடு சேரும். கம்போடியாவின் ப்ரே வெங் மாகாணத்தில் கிணற்றுத் தண்ணீரிலேயே இரும்பு மிகுதியாக இருப்பதையும், அங்குள்ள பெண்களின் உடம்பில் இரும்பு இருப்பு நன்றாகவே இருப்பதையும் வேறு ஒரு குழு எழுதியிருந்தது. சோற்றையும் மீனையும் மட்டும் பார்த்து இரும்பு போதவில்லை என்று கணக்குப் போட்டவர்கள் குடிக்கிற தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கம்போடியாவிலும், இரும்புக் குறைபாடு குறைவாகவும் மரபுவழி ஹீமோகுளோபின் கோளாறு அதிகமாகவும் இருக்கும் மற்ற நாடுகளிலும் இந்த மீனைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று 2017இல் அந்தக் கட்டுரை முடிந்தது. அதை எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலில் சார்ல்ஸின் பேராசிரியர் அலஸ்டர் சம்மர்லீயும் இருக்கிறார், நிறுவனம் தொடங்கிய ஆர்ம்ஸ்ட்ராங்கும் இருக்கிறார். தங்கள் சொந்தப் பொருளுக்கு எதிரான முடிவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதற்கு நான் மனதார மரியாதை செலுத்துகிறேன்.

அப்படியானால் பாத்திரத்திலிருந்து இரும்பு கிடைக்கும் என்பதே பொய்யா என்றால், இல்லவே இல்லை. எத்தியோப்பியாவில் குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருடம் இரும்புச் சட்டியில் சமைத்துச் சாப்பிட்ட குழந்தைகளின் ஹீமோகுளோபின், அலுமினியச் சட்டிக் குழந்தைகளைவிட டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 1.3 கிராம் கூடுதலாக ஏறியிருந்தது. ஏறவேண்டிய இடத்தில் ஏறியது. இல்லாததைக் கொடுத்தால் உடம்பு எடுத்துக்கொள்ளும்.

நம் பக்கம் வந்தால்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 2019 முதல் 2021 வரை எடுத்தது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய சுற்றில் 55. இத்தனை வருடம் பள்ளியில் வாரா வாரம் மாத்திரை, கர்ப்பிணிகளுக்கு மாத்திரை, சத்துப் பெட்டகம் என்று கொடுத்தும் அசைந்தது அவ்வளவுதான். இந்த ஆய்விலும் அளந்தது விரல் நுனி ரத்தத்தில் ஹீமோகுளோபின் மட்டும். டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே என்று எடுத்துக்கொண்டார்கள். காரணத்தை அந்தக் கருவி சொல்லாது.

கம்போடியா மாதிரியே நம்முடையதும் மரபணு விவகாரம்தான் என்று நான் சொல்லவில்லை, அப்படி எடுத்துக்கொண்டால் அதுவும் ஆபத்து. இந்தியாவில் இரும்புக் குறைபாடு உண்மையிலேயே பெரிய பிரச்சினை, வயதுக்கு வந்த பெண்களிடமும் கைக்குழந்தைகளிடமும் குறிப்பாக. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்பதும் சரியில்லை. பி12 குறைவு, ஃபோலேட் குறைவு, கொக்கிப்புழு, நாள்பட்ட தொற்று, சிறுநீரகக் கோளாறு, தலசீமியா கூறு (ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்த தலசீமியா மரபணு), எல்லாமே அந்த 53.4க்குள் கலந்து கிடக்கின்றன. இந்தியாவில் அரிவாள் செல் நோயை, அதுவும் ஒரு மரபுவழி ஹீமோகுளோபின் கோளாறுதான், முதன்முதலில் கண்டது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952இல். அதனால் இந்த மரபணுச் சங்கதி ஏதோ வேறு நாட்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, இரும்புதான் குறைவு என்று உறுதியாகிவிட்டது, சாப்பாட்டில் என்ன செய்யலாம்? முதலில் பீட்ரூட். சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று காலங்காலமாகச் சொல்கிறோம், நிறம்தான் காரணம் என்று தோன்றுகிறது, 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல், கேழ்வரகில் நாலரை, முருங்கைக்கீரையிலும் ஏறக்குறைய அதே அளவு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் ஒரு பெண்ணுக்குத் தினம் 29 மில்லிகிராம் வேண்டும் என்று சொன்னது. இவ்வளவு பெரிய எண் எதற்கு என்றால், நம் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சுவது அவ்வளவு குறைவு. தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் ஃபைட்டேட் இரும்பைக் கட்டிப் போட்டுவிடுகிறது, கேழ்வரகில் அதோடு டானினும் சேரும்.

ஆகவே எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எதனோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதில் கவனம் வையுங்கள். கீரைக்கு எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்தபின் பிழியுங்கள், கொதிக்கும்போது விட்டால் வைட்டமின் சி வீணாகும். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், கொய்யா, தயிர் சேர்க்காத பச்சைக் காய்கறி சாலட், ஏதோ ஒன்று. பயறை முளைகட்டினாலும், மாவைப் புளிக்கவைத்தாலும் ஃபைட்டேட் குறையும், இந்த விஷயத்தில் கம்பங்கூழ் கம்பு ரொட்டியைவிட மேல். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள், குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளுங்கள். சத்து மாத்திரையை டீயோடு விழுங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி சுலபம். இறைச்சியில் இருக்கும் ஹீம் வகை இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பு எடுத்துக்கொள்ளும், ஃபைட்டேட்டும் டீயும் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆட்டு ஈரல், கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்கும் மண்ணீரல், ரத்தப் பொரியல், இதெல்லாம் விலை குறைந்த, இரும்பு நிறைந்த உணவு. பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சுவரொட்டி சுட்டுக் கொடுத்த பாட்டிகள் சரியாகத்தான் செய்தார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கருவுக்கு ஆகாது.

இரும்புச் சட்டியும் நம் வீட்டில் புதிது கிடையாது. தோசைக்கல்லிலிருந்து நிறைய இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், எண்ணெய் பழகிய கல்லில் மாவு நிற்பதே ஒன்றிரண்டு நிமிடம்தான். புளிப்பும் ஈரமும் நேரமும் சேர வேண்டும். 1986இல் டெக்சாஸில் அளந்து பார்த்தபோது, வார்ப்பிரும்புச் சட்டியில் வைத்த தக்காளி சாஸில் 100 கிராமுக்கு 0.6ஆக இருந்த இரும்பு 6 மில்லிகிராமை நெருங்கியது. அந்தக் கணக்கில் நம் புளிக்குழம்பும் தக்காளித் தொக்கும் இரும்புச் சட்டிக்கென்றே அமைந்தவை. குழம்பு கறுத்துப்போகும், ருசி கொஞ்சம் மாறும், ராத்திரி முழுக்கச் சட்டியிலேயே விட்டுவிடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கையிருப்பு முழுக்கக் காலியானவர்களுக்கு சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும், இதில் ஒளிவுமறைவு இல்லை. அதிலும் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய மாத்திரை போட்டவுடன் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் கதவைச் சுமார் ஒரு நாளைக்கு அடைத்துவிடும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால், ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சும் பங்கு கூடுகிறது என்று சூரிச்சில் நடந்த ஆய்வுகள் காட்டின. வயிறு புரட்டுகிறது என்று மாத்திரையையே நிறுத்திவிட்டவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். இரும்புதான் குறை என்றால் மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். ஏறியபின்னும் கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும், பாதிப்பேர் நிறுத்துவது இங்கேதான். மாத்திரைப் பட்டையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், மிட்டாய் என்று நினைத்து நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஏறவில்லை என்றால்? அப்போதுதான் ப்ரெயா விஹியர் நமக்குத் தேவைப்படுகிறது. ஒழுங்காக மாத்திரை போட்டும் ஒரு மாதத்தில் அசையவில்லை என்றால் மாத்திரையின் கம்பெனியை மாற்றிக்கொண்டிருக்காமல் ஃபெரிட்டின் பாருங்கள். உடம்பில் தொற்றோ வீக்கமோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து தெரியும், அதனால் காய்ச்சல் நேரத்தில் எடுக்க வேண்டாம். சாதாரண ரத்த அணுப் பரிசோதனைத் தாளிலேயே ஒரு துப்பு உண்டு. இரும்புக் குறைவிலும் சிவப்பணு சின்னதாகும், தலசீமியா கூறிலும் சின்னதாகும், ஆனால் இரும்பு குறைந்தால் அணுக்களின் எண்ணிக்கையும் இறங்கும், தலசீமியா கூறில் எண்ணிக்கை வழக்கமாகவோ கூடுதலாகவோ இருக்கும். எம்சிவி என்று போட்டிருக்கும் எண்ணை (சிவப்பணுவின் சராசரி அளவு), மில்லியனில் கொடுத்திருக்கும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து 13க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சந்தேகப்படலாம். இது சந்தேகம் மட்டும், பீட்டா தலசீமியா கூறையும் ஹீமோகுளோபின் ஈயையும் காட்டித் தருவது ஹெச்பிஎல்சி, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்திருந்தால் அதைச் சாப்பாட்டுக் குறை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது, குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், புற்றுநோய் சில சமயம் இப்படித்தான் முதலில் தெரியவரும். மாதவிடாயில் ரத்தப்போக்கு மிக அதிகம் என்றால் அதற்கு வைத்தியம் பார்க்காமல் இரும்பை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இதெல்லாம் அவசரமாகிறது. மனைவிக்குத் தலசீமியா கூறோ ஹீமோகுளோபின் ஈயோ இருப்பது தெரிந்தால் உடனே கணவருக்கும் ஹெச்பிஎல்சி எடுக்க வேண்டும், இருவருக்கும் பீட்டா தலசீமியா கூறு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 25 சதவீதம் கடுமையான தலசீமியா வர வாய்ப்பு. ஒருவரிடம் ஹீமோகுளோபின் ஈ, மற்றவரிடம் பீட்டா தலசீமியா கூறு என்றாலும் இதே 25 சதவீதக் கணக்குதான், ஆனால் அந்த நோயின் கடுமை ஆளுக்கு ஆள் மாறும். கடுமையான வகையில் உடம்பு இரும்பை அளவுக்கு மீறி உறிஞ்சிக் கல்லீரலிலும் இதயத்திலும் சேர்த்து வைக்கும், அந்தக் குழந்தைக்குக் காரணம் தெரியாமல் இரும்பு டானிக் கொடுப்பது கெடுதல். மரபணுக் கூறு ஆயுசுக்கும் மாறாது, அதனால் ஹெச்பிஎல்சியைப் பெரும்பாலும் ஒருமுறை எடுத்தால் போதும். தாளை ஃபைலில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்தமுறை யாராவது ஹெச்பி கம்மி என்று இரும்பு எழுதும்போது அதையும் எடுத்துக் காட்டுங்கள்.